ஒளிச்சேர்க்கைக்கு எவை தேவை? எளிய வகுப்பறைச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக மாணவர்களோடு சேர்ந்து இந்தச் சோதனைகளைச் செய்து வருகிறேன். ஆசிரியர்களும் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். செய்முறையோடு இன்னொன்றையும் சொல்ல ஆசை: ஒவ்வொரு சோதனையும் உண்மையில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பது. பாடப்புத்தகத்தில் படம் இருக்கும், முடிவு இருக்கும். இது மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை? எல்லாவற்றையும் வகுப்பிலேயே காட்ட முடியுமா?

ஒளி, பச்சையம், கார்பன் டைஆக்சைடு, தண்ணீர். முதல் மூன்றையும் ஒரு தொட்டிச் செடி, கொஞ்சம் அயோடின், கொஞ்சம் பொறுமை இருந்தால் காட்டிவிடலாம். தண்ணீர் மட்டும் அவ்வளவு சுலபமாகப் பிடிகொடுக்காது. ஏன் என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

இலையில் அயோடின் விடுகிறோமே, அது எதற்கு?

ஒளிச்சேர்க்கையில் இலை முதலில் சர்க்கரையைத் தயாரிக்கிறது. உடனே செலவாகாத சர்க்கரையைப் பல செடிகள் மாவுச்சத்தாக மாற்றி இலையிலேயே சேமித்து வைக்கின்றன. அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்தால் கருநீலமாகும். ஆகவே கருநீலம் தெரிந்தால் அங்கே மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள். 1860களில் யூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், ஒளி பட்ட இலையில்தான் இந்த மாவுச்சத்து உருவாகிறது என்று காட்டினார். இன்றைக்கும் வகுப்பில் நாம் செய்வது அடிப்படையில் அவர் வழிதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயோடின் காட்டுவது மாவுச்சத்தை, ஒளிச்சேர்க்கையை அல்ல. மாவுச்சத்து நீக்கிய இலையை இருட்டிலேயே சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டாலும், அந்தச் சர்க்கரையை உறிஞ்சி அது மாவுச்சத்து தயாரிக்கும். ஒளி தேவைப்படுவது சர்க்கரையைத் தயாரிக்கத்தான். மாவுச்சத்து என்பது ஒளிச்சேர்க்கை விட்டுச்சென்ற தடயம். அந்தத் தடயம் இன்றையதா, நேற்றையதா என்று அயோடினுக்குத் தெரியாது. அடுத்த கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

செடியை முதலில் ஏன் இருட்டில் வைக்க வேண்டும்? எத்தனை நாள்?

நேற்றும் முந்தாநாளும் சேர்ந்த மாவுச்சத்து இலையில் இருக்கும். அது இருக்கும்போதே சோதனையைத் தொடங்கினால் எல்லாப் பகுதியும் நீலமாகத்தான் தெரியும். இருட்டில் வைத்தால் புதிதாக எதுவும் சேராது. இருப்பதைச் செடி கரைத்துச் செலவழிக்கும், மற்ற பாகங்களுக்கும் அனுப்பும். இதைத்தான் மாவுச்சத்து நீக்குவது என்கிறோம். 24 மணி நேரத்திலேயே பல செடிகளில் இலை காலியாகிவிடும். நான் எப்போதும் 48 மணி நேரம் வைப்பேன். தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

காலியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஓர் இலையைக் கிள்ளி அயோடின் சோதனை செய்து பாருங்கள். அது பழுப்பாகவே இருந்தால்தான் மேலே போகலாம். ஒருமுறை அலமாரிக்குள் வைத்த என் செடியை, அறையைச் சுத்தம் செய்தவர் பாவம் வாடிவிடுமே என்று எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. மறுநாள் கறுப்புத்தாள் ஒட்டி வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் தாளுக்கு அடியிலும் வெளியிலும் ஒரே நீலம். நாற்பது பிள்ளைகள் சுற்றி நின்று, "அப்படியென்றால் ஒளி தேவையில்லையா?" என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்ட நியாயமான கேள்வி. அன்றிலிருந்து அந்த முதல் இலையைச் சோதிக்காமல் நான் தொடங்குவதில்லை.

எந்தச் செடி நல்லது?

மெல்லிய, மென்மையான இலை உள்ளது. செம்பருத்தி, கோலியஸ், ஜெரேனியம் மூன்றுமே நன்றாக வரும். தடித்த, மெழுகு பூசியதுபோல் இருக்கும் இலைகளில் நிறம் நீக்குவதற்குள் பொறுமை போய்விடும். வெங்காயத்தாள் கூடவே கூடாது. வெங்காயம் இலையில் மாவுச்சத்தைச் சேமிப்பதில்லை, சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும். எவ்வளவு வெயிலில் வைத்தாலும் அயோடின் பழுப்பாகவே இருக்கும். ஒருவிதையிலைத் தாவரங்களில் இன்னும் பலவும் இப்படித்தான்.

இலையைச் சோதிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

குறைந்தது 5, 6 மணி நேரம் நல்ல வெளிச்சம் பட்ட இலையைப் பறியுங்கள். பறித்த உடனே கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். இது செல்களைக் கொன்று, உள்ளே நடக்கும் வேலைகளை அப்படியே நிறுத்திவிடும். இலையும் தளர்ந்து, ஆல்கஹாலும் அயோடினும் உள்ளே போக வழி கிடைக்கும்.

அடுத்தது பச்சையத்தை நீக்குவது. இலையைச் சுருட்டிச் சோதனைக்குழாயில் போட்டு, மூழ்கும் அளவுக்கு எத்தனால் ஊற்றுங்கள். இந்த இடத்தில் அருகே தீ இருக்கவே கூடாது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் சோதனைக்குழாயை நிறுத்துங்கள். மின்கெட்டிலில் காய்ச்சிய நீர் இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் தீயே வேண்டாம். இந்தக் கட்டத்தைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து.

சில நிமிடங்களில் ஆல்கஹால் பச்சையாகும், இலை வெளுக்கும். வெளியே எடுத்தால் காய்ந்த சருகுபோல் விறைப்பாக இருக்கும்; விரித்தால் உடைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு முக்கு முக்குங்கள், துணிபோல் துவண்டுவிடும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, வெள்ளைத் தட்டில் சுருக்கமில்லாமல் விரித்து, நீர்த்த அயோடின் கரைசலைப் பரவலாக விடுங்கள். மாவுச்சத்து இருந்தால், வெளிர்மஞ்சளாகக் கிடந்த இலையில் கருமை திட்டுத் திட்டாக ஊறி வருவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பேசிக்கொண்டிருந்த வகுப்பு அமைதியாகும் நேரம் இது.

அயோடின் விட்டும் நீலமே வரவில்லை. என்ன தவறு?

வழக்கமான காரணங்கள் நான்கைந்துதான். அன்றைக்கு மேகமூட்டமாக இருந்திருக்கலாம். இலையைப் பறித்து மறுநாள் சோதித்திருக்கலாம். பச்சையம் முழுவதும் நீங்காமல் நிறத்தை மறைத்திருக்கலாம். அயோடின் மிகவும் நீர்த்துப்போயிருக்கலாம். ஒரு துளியை ஏதாவது மாவின்மேல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒரு காரணமும் உண்டு. இலை சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் நீலம் வராது, வந்தாலும் மறைந்துவிடும். அயோடினும் மாவுச்சத்தும் சேர்ந்த அந்தக் கூட்டு சூட்டில் பிரிந்துவிடும். ஆறினால் திரும்ப வரும். அதனால்தான் மேலே குளிர்ந்த நீரில் அலசச் சொன்னேன்.

ஆய்வக அயோடின் கிடைக்காவிட்டால் காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். துணியில் பட்டால் கறை படியும். வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தடவினால் கறை போய்விடும்.

ஒளி தேவை என்பதை எப்படிக் காட்டுவது?

மாவுச்சத்து நீக்கிய செடியில், பறிக்காமலே, ஓர் இலையின் நடுப்பகுதியை மேலும் கீழும் கறுப்புத்தாளால் மூடி கிளிப் போடுங்கள். தாளில் நட்சத்திரம், எழுத்து என்று வெட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும். ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு அயோடின் சோதனை செய்தால், வெளிச்சம் பட்ட இடம் கருநீலம், மூடிய இடம் பழுப்பு. தாளில் வெட்டிய உருவம் அப்படியே இலையில் அச்சாகியிருக்கும். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒளி பட்ட இடத்துச் செல்கள்தான் மாவுச்சத்தைச் சேர்த்தன, பக்கத்தில் மூடியிருந்தவை சேர்க்கவில்லை என்பது அந்த ஓரத்தில்தான் தெரிகிறது.

சரி, இங்கே கூர்மையான ஒரு மாணவி கேட்டாள்: "தாள் ஒளியை மட்டுமா மறைத்தது? காற்றையும்தானே மறைத்தது?" சரியான கேள்வி. கறுப்புத்தாளை அழுத்தி ஒட்டினால் கார்பன் டைஆக்சைடு உள்ளே போவதும் தடைபடும். அப்படியானால் பழுப்பு நிறத்துக்குக் காரணம் எது? கானாங் ஒளித்திரை என்ற கருவியைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒளியை மறைக்கும், ஆனால் காற்றை உள்ளே விடும். அதற்காகவே அப்படி அமைக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் கவலை இல்லை. அதே செடியின் இன்னோர் இலையில் அதே அளவில், அதே கிளிப்பால், நிறமில்லாத பிளாஸ்டிக் தாளைப் பொருத்துங்கள். அதுவும் காற்றை மறைக்கும், ஒளியை மட்டும் விடும். அதற்கு அடியில் நீலம் வந்தால், கறுப்புத்தாளுக்கு அடியில் மாவுச்சத்து இல்லாமல் போனதற்கு ஒளி இல்லாததுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த ஒப்பீடு எல்லாச் சோதனைக்கும் வேண்டுமா?

வேண்டும். நாம் சோதிக்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு செடியோ இலையோ பக்கத்தில் இருக்க வேண்டும். நேரம் இல்லை என்று வகுப்பில் முதலில் விடுபடுவது இதுதான். என்னைக் கேட்டால், இரண்டு சோதனைகளை ஒப்பீடு இல்லாமல் செய்வதைவிட ஒன்றை ஒப்பீட்டோடு செய்வது நல்லது.

பச்சையம் தேவை என்பதற்கு?

இருப்பதிலேயே சுலபமான சோதனை இது. பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள செடி போதும்: வெள்ளைத் திட்டுள்ள மணிபிளான்ட், கோலியஸ், ஜெரேனியம். மாவுச்சத்து நீக்கி, வெயிலில் வைத்து, இலையைப் பறித்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் வைத்து எங்கே பச்சை, எங்கே வெள்ளை என்று வரைந்துகொள்ளுங்கள், அல்லது படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் போட்ட பிறகு எல்லாமே வெள்ளையாகிவிடும். எது எங்கே இருந்தது என்று ஞாபகத்தில் இருக்காது. அயோடின் விட்டதும் வரைபடத்தையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பச்சை இருந்த இடமும் நீலம் வந்த இடமும் ஒன்றாக இருக்கும். இங்கே ஒப்பீடு அந்த இலையிலேயே இருக்கிறது. ஒரே ஒளி, ஒரே காற்று, ஒரே தண்ணீர், பச்சையம் மட்டும் வேறு.

அப்படியானால் சிவப்பு, ஊதா இலைகள் ஒளிச்சேர்க்கை செய்யாதா?

செய்யும். அவற்றிலும் பச்சையம் இருக்கிறது, மேலே வேறு நிறமி மறைத்துக்கொண்டிருக்கிறது. கோலியஸின் கருஞ்சிவப்பு இலையைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி நீரில் கரையும். ஒரு நிமிடத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், இலை பச்சையாக வெளியே வரும். பிறகு ஆல்கஹாலில் போட்டால் அந்தப் பச்சையும் இறங்கும், அயோடின் விட்டால் நீலமாகும். நேரம் இருந்தால் வெள்ளைத் திட்டுள்ள இலைக்கு அடுத்ததாக இதைச் செய்யுங்கள். "பச்சையாகத் தெரிந்தால்தான் பச்சையம்" என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு அங்கேயே மாறிவிடும்.

கார்பன் டைஆக்சைடு தேவை என்று காட்ட அரை இலைச் சோதனை சொல்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

மோல் என்பவர் பெயரால் வழங்கும் சோதனை. அகன்ற வாயுள்ள போத்தலில் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். தக்கையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மாவுச்சத்து நீக்கிய செடியின் ஓர் இலையை அதன் நடுவே கொடுத்து, பாதி இலை போத்தலுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி மூடி, இடுக்குகளில் வேசலின் பூசுவார்கள். உள்ளே இருக்கும் கார்பன் டைஆக்சைடைக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். சில மணி நேர வெயிலுக்குப் பிறகு வெளியே இருந்த பாதி நீலம், உள்ளே இருந்த பாதி பழுப்பு. தக்கைக்கு நடுவே சிக்கிய பட்டையும் பழுப்பு, ஏனென்றால் அங்கே ஒளியும் இல்லை, காற்றும் இல்லை.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் போத்தலுக்குள் வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று யோசியுங்கள். சூடு கூடியிருக்கும், ஈரப்பதம் கூடியிருக்கும், காற்றோட்டம் இல்லை. இவற்றில் எது காரணம்? அதனால் இரண்டாவது போத்தல் ஒன்று வேண்டும்: எல்லாம் அதே போல, உள்ளே ஹைட்ராக்சைடுக்குப் பதில் சமையல் சோடாக் கரைசல். அது கார்பன் டைஆக்சைடைக் கொடுக்கும். அந்தப் போத்தலுக்குள் இருந்த பாதி நீலமானால், விவாதம் முடிந்தது.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். இலையும் அதைத் தொடக் கூடாது.

ஹைட்ராக்சைடு இல்லாமல் வேறு வழி உண்டா?

உண்டு, வேசலின். பல செடிகளில், காற்று போய்வரும் நுண்ணிய இலைத்துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மாவுச்சத்து நீக்கிய செடியில் ஓர் இலைக்கு அடிப்பக்கம் முழுவதும் வேசலின் பூசுங்கள், இன்னொன்றுக்கு மேல்பக்கம் மட்டும், மூன்றாவதை அப்படியே விடுங்கள். மறுநாள் மூன்றையும் சோதித்தால் அடிப்பக்கம் பூசியதில் நீலம் மிகவும் குறைவாக இருக்கும். மேல்பக்கம் பூசிய இலைதான் இங்கே ஒப்பீடு. வேசலின் இலைக்கு நஞ்சாகியிருந்தால் அதுவும் வெளுத்திருக்கும். காற்றுப் போக்குவரத்து தடைபட்டால் மாவுச்சத்து குறைகிறது என்பதுவரை இது காட்டும். தடைபட்ட காற்றில் தேவையானது கார்பன் டைஆக்சைடு என்று சொல்ல அரை இலைச் சோதனைதான் வேண்டும்.

ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியில் வரும் குமிழி ஆக்ஸிஜன்தானா?

பெருமளவு ஆக்ஸிஜன், ஆனால் தூய ஆக்ஸிஜன் அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் கலந்து வரும். வேலம்பாசி என்று சொல்லும் ஹைட்ரில்லாவைப் பீக்கரில் வைத்து, வெட்டிய முனை மேலே பார்த்திருக்கும்படி புனலைக் கவிழ்த்து, புனலின் குழாய்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கவிழ்ப்பது தெரிந்த முறை. புனல் பீக்கரின் அடியில் ஒட்டாமல், சிறு துண்டுகளின்மேல் நிற்கட்டும். நீர் உள்ளே போய்வர வழி வேண்டும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கார்பன் டைஆக்சைடு கூடி, குமிழி விறுவிறுவென்று வரும்.

சேர்ந்த வாயுவில் கனல் குச்சியை விட்டால், ஆக்ஸிஜன் இருந்தால் அது மீண்டும் தீப்பற்றும். இந்தக் கனல் குச்சிச் சோதனை பல வகுப்புகளில் தோற்றுப்போவதற்குக் காரணம் அவசரம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வாயுவாவது சேர வேண்டும். அதற்கு நல்ல வெயிலில் பல மணி நேரம், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். குழாயை விரலால் மூடி எடுத்து, நிமிர்த்தி, திறந்த நொடியே கனல் குச்சியை உள்ளே விடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் நீரில் குச்சி நனைந்தால் அவ்வளவுதான்.

காய்ச்சி ஆறிய நீரில் குமிழி வராது, சோடா போட்டால் வரும்; இதை வைத்துக் கார்பன் டைஆக்சைடு தேவை என்று காட்டலாம் என்பார்கள். ஓரளவுக்குச் சரிதான். ஆனால் காய்ச்சும்போது கரைந்திருந்த ஆக்ஸிஜனும் வெளியேறிவிடும். செடி புதிதாக விடும் ஆக்ஸிஜன் முதலில் அந்த நீரில் கரையும், குமிழியாகத் தெரியாது. அதனால் இரண்டு பீக்கரிலும் காய்ச்சி ஆறிய நீரையே ஊற்றி, ஒன்றில் மட்டும் சோடா போட்டுப் பாருங்கள்.

குமிழிகளை எண்ணி ஒளியின் அளவைச் சோதிக்கலாமா?

தாராளமாக. விளக்கை 10, 20, 30, 40 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் செடியை விட்டுவிட்டு, பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுங்கள். தூரம் இரட்டிப்பானால் செடிமேல் விழும் ஒளி நாலில் ஒரு பங்காகும். மிக அருகே கொண்டுபோனால் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறாமல் நின்றுவிடலாம். அங்கே ஒளி அல்ல, வேறு ஏதோ பற்றாக்குறை. பழைய குண்டு பல்பு தண்ணீரைச் சூடாக்கும், அப்போது மாறுவது ஒளி மட்டுமல்ல, வெப்பமும். எல்இடி விளக்கை வைத்து, பீக்கருக்குள் ஒரு வெப்பமானியும் போட்டுவிடுங்கள்.

ஓர் இலையைத் தண்ணீர்க் கிளாஸில் போட்டு வெயிலில் வைத்தாலே குமிழி தெரிகிறதே, அது போதாதா?

இணையத்தில் அதிகம் சுற்றுவது இதுதான். சின்னப் பிள்ளைகள் பார்க்கச் செய்வதில் தவறில்லை, ஆனால் இதை மட்டும் வைத்து ஆக்ஸிஜன் என்று சொல்லக் கூடாது. வெயிலில் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று வெளியே வந்து, கிடைத்த பொருளில் எல்லாம் குமிழியாக ஒட்டும். அதே கிளாஸில் ஒரு பிளாஸ்டிக் துண்டையும் போட்டுப் பாருங்கள், அதிலும் ஒட்டியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இது இலை இல்லையே, இதில் ஏன் குமிழி?" என்று கேளுங்கள். ஏழு வயதுக் குழந்தையும் யோசிக்கும்.

தண்ணீர் தேவை என்பதைக் காட்டச் சோதனை ஏதும் இல்லையா?

வகுப்பறையில் நேரடியாகக் காட்டும் சோதனை இல்லை என்றுதான் சொல்வேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மாவுச்சத்து குறையும், உண்மை. ஆனால் வாடும் செடி முதலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கார்பன் டைஆக்சைடு உள்ளே போகாது. நீங்கள் நிறுத்தியது தண்ணீரை, நின்றுபோனது கார்பன் டைஆக்சைடு. ஒன்றை மட்டும் மாற்ற இங்கே வழியே இல்லை.

தண்ணீரின் பங்கை முதலில் எடைபோட்டுக் கண்டவர் நிக்கோலா தியோடர் த சொசூர், 1804இல். செடி எடுத்துக்கொண்ட கார்பனின் கணக்கைவிட அதன் எடை அதிகமாகக் கூடியிருந்ததால், தண்ணீரும் செடியின் பொருளாகிறது என்றார். வெளியே வரும் ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்து வருகிறதா, கார்பன் டைஆக்சைடிலிருந்தா என்பது அதற்குப் பிறகும் வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 1941இல் ரூபன், கேமன் குழுவினர் ஆக்ஸிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பை (அதே தனிமத்தின் எடை கூடிய அணுவை)த் தண்ணீரில் வைத்துப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே ஐசோடோப்பு இருந்தது. ஆகவே ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. இதை நாம் வகுப்பில் செய்ய முடியாது, ஆனால் கதையாகச் சொல்லலாம். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

செடியின் சாப்பாடு மண்ணிலிருந்துதானே வருகிறது?

இந்த எண்ணம் பெரியவர்களிடமும் உண்டு. வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்தது, மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ் மட்டுமே. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். 1648இல் அது அச்சில் வந்தது. காற்றிலிருந்து ஏதும் வந்திருக்கலாம் என்று அவர் கணக்கில் எடுக்கவில்லை. மரத்தின் உலர்எடையில் பெரும்பகுதி காற்றின் கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தது. இன்றும் காற்றில் அது 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டியதுதான். அவ்வளவு சொற்பத்திலிருந்து ஒரு மரம். மண்ணிலிருந்து வரும் தாதுக்களும் தேவைதான்: மக்னீசியம் இல்லாமல் பச்சையம் இல்லை. ஆனால் மாவுச்சத்து மண்ணிலிருந்து வருவதில்லை.

பச்சை ஒளியில் ஒளிச்சேர்க்கை நடக்காது என்பது உண்மையா?

குறைவாக நடக்கும், நடக்காமல் இல்லை. 1882இல் எங்கல்மான் ஒரு பாசி இழைமேல் நிறமாலையை விழவைத்து, ஆக்ஸிஜனைத் தேடிப்போகும் பாக்டீரியாக்கள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தார். நீல, சிவப்பு ஒளி விழுந்த இடங்களில்தான் கூட்டம் மொய்த்தது. வகுப்பில் வண்ணக் கண்ணாடித்தாள் வைத்துச் செய்தால் முடிவு தெளிவாக வராது. தாள்கள் மற்ற நிறங்களையும் கொஞ்சம் விடும், ஒவ்வொன்றும் மறைக்கும் ஒளியின் மொத்த அளவும் வேறு.

இரவில் மட்டும்தான் செடி சுவாசிக்குமா?

பகலிலும் சுவாசிக்கும், எப்போதும் சுவாசிக்கும். பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் தெரிவதில்லை. 1771இல் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றைப் புதினாக் கிளை சீராக்குகிறது என்று கண்டார். ஆனால் பிறகு செய்தபோது எல்லா முறையும் அப்படி வரவில்லை. காரணத்தை 1779இல் இங்கன்ஹவுஸ் சொன்னார்: ஒளி இருந்தால்தான், அதுவும் பச்சைப் பாகங்கள்தான் காற்றைச் சீராக்கும்; இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கும்.

இதை புரோமோதைமால் நீலம் என்ற நிறம்காட்டியால் அழகாகக் காட்டலாம். அந்தக் கரைசலில் உறிஞ்சுகுழல் வழியாக மூச்சை ஊதினால் (ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது) கார்பன் டைஆக்சைடு கரைந்து மஞ்சளாகும். நான்கு குழாய்களில் ஊற்றி, இரண்டில் ஹைட்ரில்லா போட்டு எல்லாவற்றையும் இறுக மூடுங்கள். செடி உள்ளதில் ஒன்று, செடி இல்லாததில் ஒன்று வெளிச்சத்தில். மற்ற இரண்டும் அலுமினியத் தாள் சுற்றி அதே இடத்தில். சில மணி நேரத்தில் வெளிச்சத்தில் செடியோடு இருப்பது மட்டும் நீலமாகத் திரும்பும். மற்ற மூன்றும் மஞ்சளாகவே இருக்கும்.

ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது. எதைச் செய்யலாம்?

மிதக்கும் இலைவட்டுச் சோதனை. என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான். தீ வேண்டாம், ஆல்கஹால் வேண்டாம், இரண்டு நாள் இருட்டும் வேண்டாம்.

300 மில்லி தண்ணீரில் அரை கிராமுக்குச் சற்று கூடுதலாகச் சமையல் சோடா, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம். நுரை வரக் கூடாது. பசலைக்கீரை போன்ற மெல்லிய இலையில், தடித்த நரம்புகளை விட்டு, தாளில் ஓட்டை போடும் கருவியால் 10 வட்டுகள் வெட்டுங்கள். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் வட்டுகளைப் போட்டு, கொஞ்சம் கரைசலை இழுத்து, மேலே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். நுனியை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். இலைக்குள் இருக்கும் காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக வெளியே வரும். விரலை எடுத்துச் சிரிஞ்சைத் தட்டினால் காற்றிருந்த இடத்தில் கரைசல் புகுந்து வட்டுகள் மூழ்கும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மூழ்கிய வட்டுகள் கரும்பச்சையாக, கண்ணாடிபோல் தெரியும்.

அவற்றைக் கரைசல் உள்ள கிளாஸில் கொட்டி விளக்கடியில் வையுங்கள். இன்னொரு கிளாஸில் சோடா இல்லாத, சோப்பு மட்டும் கலந்த நீரில் அதே போல மூழ்கவைத்த 10 வட்டுகள். சில நிமிடங்களில் முதல் கிளாஸில் வட்டுகளின் ஓரத்தில் பொடிக் குமிழிகள் முளைக்கும், ஒரு வட்டு ஒருபக்கம் சாய்ந்து எழும்பும், அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை மிதக்கின்றன என்று எழுதச் சொல்லுங்கள். சோடா இல்லாத கிளாஸில் பெரும்பாலும் அடியிலேயே கிடக்கும்.

எல்லாம் மிதந்ததும் விளக்கை அணைத்து, கிளாஸை ஒரு பெட்டியால் மூடிவிடுங்கள். அவ்வப்போது மெல்லத் தட்டிவிட்டுப் பாருங்கள். உள்ளே சேர்ந்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துத் தீர்க்கத் தீர்க்க, வட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் கீழே இறங்கும். இறங்குவதற்கு, மேலே வந்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். மணி அடித்துவிட்டால் இடைவேளையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், வருவார்கள்.